இலையும் உப்பும் பதித்த மணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மேசை போட்டு, பொலிமர் களிமண்ணில் மணி செய்து மாலை, தோடு, காப்பு கோர்த்து வருகிறேன். பழக வருகிற தங்கச்சிமாரும் போனில் கேட்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இது என்ன களிமண்? ஆற்றங்கரையில் எடுக்கிறதா?

பெயரில்தான் மண். உள்ளே இருப்பது பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் தூளும், அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவமும், நிறத்தூளும். தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. அதனால் காற்றில் காயாது. பொலித்தீனில் சுற்றி வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். சூடு பட்டால் தூளின் துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சி வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். அதற்குப் பிறகு மழையில் நனைந்தாலும் கரையாது.

சுடுமண் நகை வேறு. அது உண்மையான மண், சூளைச் சூடு வேண்டும். கடையில் 'கிளே' என்று கேட்டால் காற்றில் காயும் வெள்ளைக் களியையும் எடுத்துத் தருவார்கள். அதுவும் வேறு. எங்கள் பக்கத்து மூடுபனியில் அது காய்ந்து முடிவதற்குள் பொறுமை போய்விடும். பாக்கெட்டில் ஓவன் சூடு எத்தனை பாகை (செல்சியஸ்) என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது நாம் தேடுகிற சாமான் இல்லை.

எந்தப் பிராண்ட் நல்லது?

ஃபிமோ, பிரீமோ, சேர்னிட் மூன்றும் மணிக்கு நல்லவை. கேட்டோ கொஞ்சம் கடினம், ஆனால் பதிவு (இலை, பட்டை போன்றவற்றை அழுத்தி எடுக்கும் அச்சு) துல்லியமாக விழும். பெரிய டப்பாவில் மலிவாக வரும் சாதாரண ஸ்கல்பியைச் சிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தோட்டுக்கு அது சரிவராது, ஒடிந்துவிடும்.

ஸ்கல்பி நகைக்காகப் பிறந்ததே இல்லை. 1960களில் அமெரிக்காவில் மின்மாற்றிகளின் சூட்டை வெளியேற்ற உதவும் என்று நினைத்து உருவாக்கிய சாமான் அது. அந்த வேலைக்கு உதவவில்லை, கைவினைக்கு வந்துவிட்டது.

57 கிராம் கட்டி ஒன்றில் 12 மில்லிமீற்றர் மணி சுமார் முப்பது வரும். முதல் முறைக்கு ஒரு வெள்ளை, ஒரு மண்நிறம் போதும். பத்து நிறம் வாங்கி அடுக்காதீர்கள். பதிவு உள்ள மணிக்கு நிறம் குறைவாக இருந்தால்தான் அழகு என்பது என் எண்ணம்.

என்னிடம் ஓவன் இல்லை. விறகடுப்பில் சுடலாமா? கொதிநீரில் போடலாமா?

இந்தக் கேள்விதான் மலையகத்தில் அதிகம் வருகிறது.

கொதிநீரை முதலில் பார்ப்போம். இணையத்தில் சிலர் அப்படியும் செய்து காட்டுகிறார்கள். கடல் மட்டத்திலேயே தண்ணீர் 100 பாகையில் கொதித்து நின்றுவிடும். ஃபிமோவுக்கு வேண்டியது 110, பிரீமோவுக்கு 130. நமக்கு அந்த நூறும் கிடையாது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சுமார் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் கிட்டத்தட்ட 94 பாகையிலேயே கொதித்துவிடும். மேலே பருப்பு வேக நேரம் எடுப்பது இதனால்தான். அந்த நீரில் எவ்வளவு நேரம் போட்டாலும் மணி சரியாக இறுகாது. வெளியே கெட்டியாகத் தெரியும். ஒரு வாரம் கழித்துத் துளைப் பக்கம் பிளந்து மாலை அறுந்து விழும்.

விறகடுப்பில் சூட்டை நம்மால் பிடித்து நிறுத்த முடியாது. தீ நாக்கு பட்ட இடம் கருகும், மறுபக்கம் பச்சையாக இருக்கும். கருகினால் வரும் புகையும் கெட்டது, அதைக் கீழே சொல்கிறேன். மைக்ரோவேவும் வேண்டாம்.

மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன் போதும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஒரு விஷயம் கவனியுங்கள். 1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஆறரை அம்பியர் இழுக்கும். பழைய லயங்களில் லைட்டுக்கும் ரேடியோவுக்கும் போட்ட 5 அம்பியர் பிளக்கில் அதைச் சொருகக் கூடாது. வயர் சூடாகும். தனி வயர் இழுத்த 13 அல்லது 15 அம்பியர் பிளக் இருக்கிற வீட்டில் ஓவனை வையுங்கள்.

எத்தனை பாகை, எவ்வளவு நேரம்?

பாக்கெட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு. பொதுவாக ஃபிமோ 110 பாகையில் 30 நிமிடம். பிரீமோ 130 பாகையில், 6 மில்லிமீற்றர் தடிப்புக்கு 30 நிமிடம். சேர்னிட் 110 முதல் 130 வரை. கேட்டோ 150.

ஆனால் ஓவன் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். நான் நம்பினேன். முதல் தடவை குமிழை 130இல் வைத்துவிட்டு உள்ளே தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நாற்பது வெள்ளை மணியும் பொரித்த வடை நிறம். அப்புறம்தான் உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கினேன். குமிழ் 130 சொல்லும்போது உள்ளே 165 காட்டியது. சாயந்திரம் எல்லா வீட்டிலும் சமையல் நடக்கும்போது வோல்ட் இறங்கும்; அதே குமிழில் அதே ஓவன் சூடேறத் தடுமாறும். பாஸ்தா மெசின், கட்டர், பிரஷ் எல்லாம் பிறகு வாங்கலாம். வெப்பமானியை முதலில் வாங்குங்கள்.

ஓவனை வெறுமையாகச் சூடாக்கி, முள் ஒரே இடத்தில் நின்ற பிறகு மணியை உள்ளே வையுங்கள். மேல் கம்பி சிவக்கும் சின்ன ஓவனில் அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி மடித்து மூடினால் நிறம் கெடாது. நேரம் கூடினால் பரவாயில்லை, ஒரு மணி நேரம் இருந்தாலும் மணி நன்றாகத்தான் வரும். சூடு கூடினால்தான் நாசம்.

சரியாக வெந்ததா என்று பார்க்க, ஒவ்வொரு தட்டோடும் மெல்லிய பட்டை ஒன்றைச் சேர்த்துச் சுடுங்கள். ஆறிய பிறகு அதை வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் சரி. படக்கென்று ஒடிந்தால் சூடு போதவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வைக்கலாம், ஒன்றும் வீணாகாது.

புகை விஷம் என்கிறார்களே?

சரியான சூட்டில் லேசான பிளாஸ்டிக் வாடை வரும், அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அளவு மீறிக் கருகினால் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கரிந்த வாடை வந்தால் ஓவனை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு வெளியே போய்விடுங்கள். வீணான துண்டுகளை அடுப்பில் போட்டு எரிக்கவே கூடாது.

கட்டி கல்லு மாதிரி இருக்கிறது. பிசையவே முடியவில்லையே?

தை மாதக் காலையில் எனக்கும் அதுதான். களி பழுதில்லை, குளிர்தான் காரணம். ஒரு பொலித்தீனில் சுற்றி அரை மணி நேரம் இடுப்புச் சேலைக்குள்ளோ ஸ்வெட்டர் பையிலோ வைத்திருங்கள். வெந்நீர்ப் போத்தல் பக்கத்திலும் வைக்கலாம், ஆனால் நீர் படக் கூடாது. அப்புறம் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாகப் பிசைந்து சேருங்கள். மடித்தால் வெடிக்காமல் வளைகிற பதம் வரும்வரை பிசைய வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மணிக்குள் காற்றுக்குமிழ் நின்று, ஓவனில் மேலே கொப்புளமாக எழும்.

உதிர்ந்துகொண்டே இருந்தால் ஒரு சொட்டு பேபி ஒயில். ஒரு சொட்டுத்தான். மாறாகக் கையில் ஒட்டுமளவு இளகியிருந்தால் வெள்ளைக் கடதாசி இரண்டுக்கு நடுவில் ஒரு இரவு வையுங்கள், கடதாசி எண்ணெயைக் குடித்துவிடும்.

பதிவுக்கு என்னென்ன பயன்படுத்தலாம்? கடையில் விற்கும் அச்சுத் தகடு வாங்க வேண்டுமா?

வேண்டாம். கொழும்பில் வாங்கும் தகட்டில் இருக்கிற பூ, உலகம் முழுக்க எல்லோரிடமும் இருக்கிற பூ. நம்மைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள்.

தேயிலை இலை. எல்லோரும் முதலில் இரண்டு இலையும் மொட்டுமான கொழுந்தைத்தான் எடுப்பார்கள். அது பார்க்க அழகு, ஆனால் பதிவுக்கு ஆகாது. பிஞ்சு இலையில் நரம்பு எழும்பியிருக்காது, அழுத்தினால் கசங்கும். அதற்குக் கீழே இருக்கிற முற்றிய இலையை எடுத்து, அடிப்பக்கத்தைக் களியின் மேல் வைத்து உருட்டுங்கள். நடு நரம்பும், அதிலிருந்து பிரிந்து ஓரத்துக்கு எட்டும் முன்னே வளைந்து ஒன்றையொன்று தொடும் கிளை நரம்புகளும், ஓரத்து வாள்பல்லும் துல்லியமாக விழும். மருந்து அடித்த மலையில் பறித்த இலையாக இருக்கலாம், கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள்.

பன்னம். ஓடைக்கரையில் அடிப்பக்கம் வெள்ளை மாவு பூசின மாதிரி ஒன்று இருக்குமே, சின்ன வயதில் புறங்கையில் வைத்துத் தட்டி வெள்ளை அச்சு எடுப்போமே, அதே பன்னம்தான். மாவைத் துடைத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் களிக்குள் ஏறி அழுக்காகத் தெரியும். இலைநுனி மட்டும் போதும், மணிக்குப் பெரிய இலை தேவையில்லை.

சவுக்குப் பட்டை. தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நிற்கிற அதே மரம், கிரெவிலியா என்றும் சொல்வார்கள். அதன் பட்டையில் வலை பின்னின மாதிரிப் பிளவுகள் இருக்கும். மரத்திலிருந்து உரிக்க வேண்டாம், களியை எடுத்துப் போய் மரத்திலேயே அழுத்தி அச்சு எடுத்து வந்துவிடுங்கள். எனக்குப் பிடித்த பதிவு இதுதான். காப்பி நிறம் கொடுத்தால் மரத்தில் செதுக்கினது என்றே நினைப்பார்கள்.

வெரளிக்காய்க் கொட்டை. சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கழுவிக் காயவையுங்கள். உருத்திராட்சமும் இதே இனத்து மரம்தான், அதனால்தான் அந்தக் கரடு. மணியை அதன் மேல் உருட்டினால் உருத்திராட்சச் சாயல் வரும்.

சணல் சாக்கு, பழைய கொழுந்துக் கூடையின் பின்னல், ஏலக்காயின் வரி, பல் துலக்கும் பழைய பிரஷ், கசக்கிய அலுமினியத் தாள், உப்புத்தாள் என்று நிறைய இருக்கிறது. கம்பளியை மட்டும் விட்டுவிடுங்கள். நூல் ஒட்டிக்கொண்டு, பிடுங்கி எடுக்கிறதற்குள் நாள் போய்விடும்.

இலை நரம்பு குழியாகத்தான் விழுகிறது. மேடாக எழும்பி நிற்க என்ன செய்வது?

இரண்டு தடவை அச்செடுக்க வேண்டும். தட்டையான ஒரு களித் துண்டில் இலையைப் பதித்து, அதையே சுட்டு எடுங்கள். அதில் நரம்பு குழியாக இருக்கும். இனி அதுதான் உங்கள் முத்திரை. அதைச் சுடாத களியில் அழுத்தினால் நரம்பு மேடாக வரும். இலை நாளைக்கு வாடிவிடும், முத்திரை வருடக்கணக்கில் இருக்கும். என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன, ஓவனுக்கு அடுத்தபடி என் சொத்து அந்த டின்தான்.

முத்திரை களியில் ஒட்டிக்கொள்கிறது.

சோள மாவை மெல்லிய துணியில் முடிந்து லேசாகத் தட்டுங்கள், அல்லது தண்ணீரை விசிறுங்கள். பச்சை இலைக்கு இரண்டும் வேண்டாம், அதன் ஈரமே போதும். எண்ணெய் மட்டும் பூசாதீர்கள், களி இளகிவிடும்.

துளை போடும்போது மணி நசுங்கி, பதிவும் அழிந்துவிடுகிறது.

பெரும்பாலானோர் பதித்துவிட்டுத் துளைக்கிறார்கள். நான் மாற்றிச் செய்கிறேன். முதலில் உருண்டை. அதைப் பத்து இருபது நிமிடம் குளிர வைக்கிறேன். மலைக்குக் கீழே, சூடான ஊர்களில் இருப்பவர்கள் பிரிட்ஜில் வைக்க வேண்டும். நுவரெலியாக்காரர்களுக்கு ஜன்னல் ஓரம் போதும். பிறகு கோணி ஊசியைத் திருகித் திருகி ஒரு பக்கமிருந்து பாதி வரை, அப்புறம் எடுத்து மறுபக்கமிருந்து. ஒரே மூச்சாகக் குத்தினால் வெளியே வருகிற பக்கம் உதடு பிதுங்கும். இப்போது மணியை ஊசியிலேயே வைத்துக்கொண்டு, ஊசியின் இரண்டு முனையையும் பிடித்து, இலை மேலோ சாக்கு மேலோ உருட்டுங்கள். விரல் மணியைத் தொடவே தொடாது. கைரேகை விழுமோ என்ற கவலையும் இல்லை.

சுடும்போதும் மணியைத் தட்டின் மேல் படும்படி வைக்காதீர்கள், கீழ்ப்பக்கப் பதிவு தட்டையாகிவிடும். தடித்த அட்டையை விசிறி மாதிரி மடித்து, மடிப்புகளுக்குக் குறுக்கே கம்பியை வைத்து, மணிகளை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். அட்டை 130 பாகையில் பற்றாது, ஓவன் கம்பியைத் தொடாமல் இருந்தால் சரி.

எல்லா மணியும் ஒரே அளவாக வருவது எப்படி?

களியை ஒரே தடிப்பாகப் பரப்பி, போத்தல் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டி, ஒவ்வொரு வட்டத்தையும் உருட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே தடிப்பான பலகைத் துண்டு வைத்துக் கண்ணாடிப் போத்தலால் பரப்பினால் தடிப்பு மாறாது. பெரிய மணி வேண்டுமானால் அலுமினியத் தாளை இறுக்கி உருட்டி உள்ளே வையுங்கள், களியும் மிச்சம், காதும் இழுபடாது.

உப்பு மணி என்கிறீர்களே, அது என்ன?

உருண்டையைத் துளைத்த பிறகு கல் உப்பில் உருட்டி, உள்ளங்கையில் மெதுவாக அழுத்தி, உப்போடு அப்படியே சுடுங்கள். ஆறியதும் ஒரு இரவு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து, இருந்த இடம் எல்லாம் சின்னச் சின்னக் குழியாக நிற்கும். பழைய முருகைக்கல் மாதிரி இருக்கும். பெரிய கல்லும் பொடிக் கல்லும் கலந்து எடுங்கள், ஒரே அளவாக இருந்தால் செயற்கையாகத் தெரியும். உப்பு முழுக்கப் போகும்வரை தண்ணீரை மாற்றுங்கள். மிச்சம் இருந்தால் மழை நாளில் மணி வேர்க்கும், கம்பியும் துருப்பிடிக்கும்.

பதிவு எடுப்பாகத் தெரியவில்லையே?

சுட்டு ஆறிய மணியில் கடும் மண்நிற அக்ரிலிக் பெயின்டைப் பிரஷால் குழிக்குள் புகுமாறு தேய்த்து, உடனே ஈரத் துணியால் மேற்பரப்பைத் துடைத்துவிடுங்கள். குழியில் மட்டும் நிறம் நிற்கும். ஐந்து ஐந்து மணியாகச் செய்யுங்கள், எல்லாவற்றையும் பூசிவிட்டுத் துடைக்கப் போனால் முதல் மணி காய்ந்திருக்கும். மேடு மட்டும் மின்ன வேண்டுமானால், சுடுவதற்கு முன் விரல்நுனியில் மைக்காத் தூளைத் தொட்டு மேலால் தடவுங்கள். தூசு கிளம்பும், முகக்கவசம் போடுங்கள்.

பதிவு உள்ள மணியை உப்புத்தாளால் அதிகம் தேய்க்க வேண்டியதில்லை. மேட்டை மட்டும் மழமழப்பாக்க விரும்பினால் 600, 1000 நம்பர் தாளைத் தண்ணீருக்குள் வைத்துத் தேய்த்து, பழைய ஜீன்ஸ் துணியில் உரசினால் போதும்.

நெய்ல் பொலிஷ் பூசலாமா?

பூசாதீர்கள். அன்றைக்குப் பளபளக்கும். கொஞ்ச நாளில் பிசுபிசுத்து, கழுத்தில் ஒட்டும். தண்ணீரில் கரையும் வார்னிஷ் வாங்குங்கள், அதுவும் மைக்கா பூசியதற்கு மட்டும். ஆனி ஆடி மழையில் வார்னிஷ் காயாமல் அழவைக்கும். அப்போது 90 பாகை ஓவனில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள்.

மிச்சக் களியை எங்கே வைப்பது?

கண்ணாடி மாதிரித் தெளிவாக, தட்டினால் டக் டக் என்கிற பிளாஸ்டிக் பெட்டியில் வைக்காதீர்கள். களியில் உள்ள எண்ணெய் அந்தப் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். என் மணிப்பெட்டி ஒன்றின் அடிப்பகுதி அப்படித்தான் களியோடு ஒட்டிப் போனது. பொலித்தீன் பை, எண்ணெய்க் கடதாசி எதுவும் சரி. வெயில் படாத இடமாக இருக்கட்டும்.

எதில் கோர்ப்பது?

காப்புக்கு எலாஸ்டிக், மாலைக்கு மெழுகு பூசிய பருத்தி நூல். கரடான மணிக்கு மெல்லிய நைலோன் பொருந்தாது, பார்க்க வெறிச்சென்று இருக்கும். தோட்டுக் கொக்கி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மலிவுக் கொக்கியில் உள்ள நிக்கலால் பலருக்குக் காது அரிக்கும், பழி உங்கள் மணிமேல் விழும்.

சமையல் ஓவனிலேயே சுடலாமா? பிள்ளைகள் செய்யலாமா?

மூடி போட்ட தட்டில் வைத்துச் சுட்டு, பிறகு உள்ளே துடைத்தால் சமையல் ஓவனும் பயன்படும். ஆனால் களிக்கு எடுத்த கத்தி, தட்டு, பலகை திரும்பக் குசினிக்குப் போகக் கூடாது. பிள்ளைகள் உருட்டலாம், பதிக்கலாம். ஓவன் பக்கம் பெரியவர்கள் நிற்க வேண்டும். கைக்குழந்தைக்கு மணிமாலை போடாதீர்கள், விழுங்கிவிடும்.

இதை விற்று ஏதும் வருமா?

மாதச் சம்பளம் மாதிரி வராது. காலம் பார்த்து வரும். சித்திரையில் நுவரெலியா வசந்தகாலம், மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைப் பருவத்தில் மலையடிவாரத்து நல்லதண்ணி ஊர், மற்ற நாளில் எல்ல என்ற ஊருக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள். விலை போடும்போது களிக் காசை மட்டும் எண்ணாதீர்கள். ஒரு மாலைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்று எழுதிவையுங்கள். பக்கத்து லயத்து அக்கா ஒருத்தர் கணக்குப் பார்த்தபோது, கொழுந்து எடுத்தாலே கூடக் கிடைத்திருக்கும் என்று வந்தது. அன்றைக்கே விலையைக் கூட்டினார், மாலைகள் விற்கத்தான் விற்றன.

கல், மரம் என்று சொல்லி விற்க வேண்டாம். பொலிமர் களி, இன்ன இடத்துத் தேயிலை இலையில் எடுத்த பதிவு என்று ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கட்டுங்கள். அதற்காகவே வாங்குகிறார்கள்.

உங்கள் தேயிலை மணியைப் பார்த்து நானும் செய்தால் கோபிப்பீர்களா?

இலை நான் போட்ட டிசைன் இல்லையே. தாராளமாகச் செய்யுங்கள். தோட்டத்துக்குள் இறங்கிப் பறிக்கும் முன் மட்டும் கங்காணி ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.